ட்யூப் எங்கே போனது என்று காட்டும் கருவியை முதலில் அனுப்புங்கள்: சுகாதாரத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இயக்ககத்தின் அதிகாரிகளுக்கும், தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் கருவியும் மருந்தும் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் வட ஆற்காட்டுக்காரன். மாவட்டம் இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று பிரிந்துவிட்டாலும் எங்கள் வீட்டில் இன்னும் வட ஆற்காடு என்றுதான் சொல்வோம். அரசு மருத்துவமனைகளில் பதினாறு வருடமாக வேலை பார்க்கிறேன். முதல் ஆறு வருடம் வெறும் எம்பிபிஎஸ் படிப்போடு தாலுகா ஆஸ்பத்திரி கேஷுவல்டியில் ராத்திரி டியூட்டி, அப்புறம் மேல்படிப்பு முடித்து மயக்க மருந்து டாக்டர். ஆக, அவசரத்தில் ஒருவருக்கு மூச்சுக்குழாயில் ட்யூப் போடுவதை, அது சரியாகத் தெரியாத காலத்திலும் செய்திருக்கிறேன், தெரிந்த பிறகும் செய்கிறேன். இந்தக் கடிதம் முதல் ஆறு வருடத்தை மனதில் வைத்து எழுதுவது.

எங்கள் கூட்டங்களில், தொண்டைக்குள் கேமராவால் பார்த்து ட்யூப் போட உதவும் வீடியோ லாரிங்கோஸ்கோப் வேண்டும் என்று கேட்காத டாக்டர் இல்லை. நானும் கேட்டிருக்கிறேன், இனியும் கேட்பேன். ஆனால் தாலுகா ஆஸ்பத்திரிக்கு அதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டியது ஒன்று இருக்கிறது. உள்ளே போன ட்யூப் மூச்சுக்குழாயில் இருக்கிறதா, உணவுக்குழாயில் இருக்கிறதா என்று அலையாக வரைந்து காட்டும் கேப்னோகிராஃப்தான் அது.

ஏன் இப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு ராத்திரியைச் சொல்ல வேண்டும். எந்த ஊர் ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை. கத்திரிச் செடிக்கு அடிக்க வைத்திருந்த பூச்சிமருந்தைக் குடித்த ஒருவரை, நாற்பது வயது இருக்கும், இரண்டு மணி வாக்கில் ஷேர் ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். வாயெல்லாம் நுரை, கண்ணின் பாப்பா ஊசிமுனை மாதிரி, மூச்சு மேலுக்கு மேலாக, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவைக் காட்டும் சாச்சுரேஷன் எழுபதுகளில். நானும் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் அக்காவும் ஒரு வார்டு உதவியாளரும் மட்டும்தான். விஷத்துக்கு எதிரான அட்ரோபின் ஏற்றிக்கொண்டே சக்ஷன் வைத்து, தூங்கவைக்க மிடஸோலமும் தசையைத் தளர்த்த ஸ்கோலினும் கொடுத்து, லாரிங்கோஸ்கோப்பை வைத்துப் பார்த்தால் நுரைக்கு நடுவில் என்ன தெரிகிறது என்றே புரியவில்லை, இருந்தாலும் ட்யூப் போய்விட்டது, போய்விட்டது என்று நான் நம்பினேன். ஸ்டெதாஸ்கோப்பை இரண்டு பக்கமும் வைத்துக் கேட்டேன். காற்றுச் சத்தம் கேட்டது. ட்யூபில் பனி படிந்த மாதிரியும் இருந்தது. ஆனாலும் சாச்சுரேஷன் இறங்கிக்கொண்டே போனது, நுரையீரல் பூரா நீர் அதனால்தான் ஏறவில்லை என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டு, கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் ஆம்பு பேக்கை இன்னும் வேகமாக அமுக்கினேன்.

அந்த அக்கா மெதுவாகச் சொன்னார்: "டாக்டர், வயிறு உப்புது." ஒரு தடவை சொல்லி நான் கவனிக்கவில்லை. இரண்டாவது தடவை என் கையைப் பிடித்துச் சொன்னார். ட்யூபை உருவினேன், மாஸ்க் வைத்துக் காற்று கொடுத்தோம், 52 வரை இறங்கியிருந்த சாச்சுரேஷன் எண்பதைத் தாண்டிய பிறகு மறுபடி போட்டேன், இந்த முறை சரியாகப் போனது. அவர் பிழைத்தார். பெரிய ஆஸ்பத்திரியில் பதினேழு நாள் வென்டிலேட்டரில் இருந்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போனார். அடுத்த வருடம் வேறோர் இடத்தில், வேறொரு டியூட்டி டாக்டரின் கையில், அதே மாதிரி வந்த ஒரு சின்னப் பெண்ணுக்கு அந்த அக்காவின் கண் வாய்க்கவில்லை. அந்த டாக்டர் என் ஜூனியர். அதற்குப் பிறகு அவர் கேஷுவல்டி பக்கமே வரவில்லை.

ஸ்டெதாஸ்கோப் ஏமாற்றும், குறிப்பாக நெஞ்சு பூரா களகளவென்று சத்தம் இருக்கும்போது. ட்யூபில் படியும் பனியும் ஏமாற்றும், வயிற்றிலிருந்து வரும் காற்றுக்கும் அது படியும். ஏமாற்றாதது நுரையீரலிலிருந்து ஒவ்வொரு மூச்சிலும் வெளியே வரும் கரியமில வாயுதான். மூச்சுக்கு மூச்சு அலை ஏறி இறங்கி, குறைந்தது ஏழு மூச்சுக்காவது சுருங்காமல் வந்தால்தான் ட்யூப் சரியான இடத்தில் இருக்கிறது என்று நம்பலாம் என்று 2022-இல் வந்த சர்வதேச வழிகாட்டுதல் சொல்கிறது. இதயம் நின்று நெஞ்சை அமுக்கிக்கொண்டிருக்கும்போதுகூட ட்யூப் சரியாக இருந்தால் சின்னதாகவாவது அலை வரும். கோடு தட்டையாக இருந்தால் ட்யூப் தவறான இடத்தில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இங்கிலாந்தில் மூச்சுப்பாதைச் சிக்கல்களை நாடு முழுக்கச் சேகரித்து 2011-இல் வெளியிட்ட அறிக்கையில், தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த மரணங்களிலும் நிரந்தர மூளைப் பாதிப்புகளிலும் 74 சதவீதத்தில் கேப்னோகிராஃப் பயன்படுத்தாததும் ஒரு காரணம் என்று கணக்கிட்டார்கள். அவர்களிடம் ஆள் இருந்தார்கள், அப்படியிருந்தும் இந்தக் கணக்கு.

இன்னொன்று, திரையில் அலை ஓடினால் அது டாக்டருக்கு மட்டும் தெரிவதில்லை, அந்த அக்காவுக்கும் வார்டு உதவியாளருக்கும் சேர்த்தே தெரிகிறது. "டாக்டர், கோடு வரல" என்று சொல்ல யாருக்கும் தயக்கம் வேண்டியதில்லை. நம் ஆஸ்பத்திரிகளில் யார் யாரிடம் என்ன சொல்லலாம் என்பது எப்படி இருக்கிறது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

கொரோனா காலத்தில் வந்த மானிட்டர்கள் பல இடங்களில் இருக்கின்றன. நான் பார்த்தவற்றில் சிலவற்றுக்கு கரியமில வாயு அளக்கும் பகுதி இல்லை, சிலவற்றில் இருந்தும் ட்யூபோடு இணைக்கும் மெல்லிய சாம்பிளிங் லைன் தீர்ந்துபோய் யாரும் இண்டென்ட் போடவில்லை. புதிதாக எதுவும் வாங்குவதற்கு முன்னால் இதை மட்டும் ஒரு முறை எண்ணிப் பாருங்கள். அலை காட்டும் கருவி வரும் வரைக்கும், ட்யூபின் வாயில் மாட்டினால் ஊதாவிலிருந்து மஞ்சளாக மாறும் அந்தச் சின்ன டிடெக்டரையாவது ஒவ்வொரு கேஷுவல்டிக்கும் ஒவ்வொரு 108 வண்டிக்கும் கொடுங்கள். ஜவ்வாது மலையிலிருந்தோ பீஞ்சமந்தைப் பக்கமிருந்தோ இறங்கும் வண்டி கொண்டை ஊசி வளைவில் குலுங்கும்போது, சரியாகப் போட்ட ட்யூபே நழுவி வெளியே வந்துவிடும். வண்டிக்குள் இரைச்சலில் ஸ்டெதாஸ்கோப் வைத்து யாருக்கு என்ன கேட்கும்?

சரி, வீடியோ லாரிங்கோஸ்கோப்புக்கு வருகிறேன். 2023-இல் அமெரிக்காவில் 17 அவசரப் பிரிவுகளிலும் தீவிர சிகிச்சைப் பிரிவுகளிலும் 1,417 பேரை வைத்து நடந்த ஆய்வில், கேமரா உள்ள கருவியால் முதல் முயற்சியிலேயே ட்யூப் போனவர்கள் 85.1 சதவீதம், பழைய கருவியால் 70.8 சதவீதம். வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். அனுபவம் குறைந்த கைகளில்தான் இந்த வித்தியாசம் மிகப் பெரிதாக இருந்தது. மாதத்துக்கு ஒரு ட்யூப் போடும் எங்கள் டியூட்டி டாக்டர் அந்த ஆள்தான், அதனால் இந்தக் கருவி அவருக்குத்தான் முதலில் வேண்டும், வருடத்துக்கு ஐநூறு ட்யூப் போடும் ஆபரேஷன் தியேட்டரின் அலமாரியில் இருப்பதில் பிரயோஜனம் குறைவு. ஆனால் அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. சாச்சுரேஷன் படுமோசமாக இறங்குவது, பிரஷர் விழுவது, இதயம் நிற்பது போன்ற பெரிய ஆபத்துகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான், 21.4 சதவீதமும் 20.9 சதவீதமும். கேமரா வழியைக் காட்டும். போகிற வழியில் நோயாளியை உயிரோடு வைத்திருப்பது வேறு வேலை, அதற்கு வேறு சாமான் வேண்டும்.

பூஜி விஷயம் இதைவிடப் பாடம் உள்ளது. குரல்நாண்கள் சரியாகத் தெரியாதபோது முதலில் உள்ளே விட்டு அதன் மேல் ட்யூபை வழுக்கி இறக்கும் அந்த வளைந்த குச்சியின் விலை சில நூறு ரூபாய். 2018-இல் மினியாபொலிஸில் ஒரே ஒரு ஆஸ்பத்திரியில் 757 பேருக்கு நடந்த ஆய்வில், எடுத்த எடுப்பிலேயே பூஜி பயன்படுத்தியவர்கள் 98 சதவீதம் முதல் முயற்சியில் வென்றார்கள், ட்யூபுக்குள் வைக்கும் வழக்கமான கம்பியான ஸ்டைலெட்டில் 87 சதவீதம். எல்லோரும் துள்ளிக் குதித்தோம். 2021-இல் அதே கேள்வியை 15 இடங்களுக்குக் கொண்டுபோய் 1,102 பேரிடம் பார்த்தபோது பூஜிக்கு 80.4, ஸ்டைலெட்டுக்கு 83. வித்தியாசமே இல்லை. முதல் ஆஸ்பத்திரியில் டாக்டர்கள் தினமும் பூஜி பிடிப்பவர்கள், மற்ற பல இடங்களில் அந்தப் பழக்கம் இல்லை என்பதுதான் இதற்குக் காரணமாக எனக்குப் படுகிறது. அதே குச்சிதான், பிடித்த கை வேறு. ஆகவே நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு பெட்டியோடும் ஒரு பயிற்சியும் சேர்ந்து வர வேண்டும், ஒரு நாள் கூட்டிவைத்து ஸ்லைடு காட்டி டீயும் வடையும் கொடுத்து அனுப்பும் பயிற்சி போதாது, பொம்மையில் நூறு தடவை கையால் செய்து பார்க்கும் பயிற்சி வேண்டும்.

முதல் முயற்சியைப் பற்றி இவ்வளவு பேசுவது ஏன் என்று நிர்வாகத்தில் இருக்கும் சிலர் நினைக்கலாம். 2004-இல் வெளிவந்த ஒரு கணக்கில், ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே அவசரமாக ட்யூப் போட்ட 2,833 பேரில், இரண்டு முயற்சிக்குள் முடிந்தவர்களுக்கு ஆக்சிஜன் ஆபத்தாகக் குறைந்தது 11.8 சதவீதம். இரண்டுக்கு மேல் போனவர்களுக்கு 70 சதவீதம். இதயம் நின்றது முதல் கூட்டத்தில் 0.7 சதவீதம், இரண்டாவதில் 11. மூன்றாவது முயற்சிக்குக் கையை நீட்டும் முன் நின்று மாஸ்க்கை வைத்து மூச்சு கொடுக்க வேண்டும் என்பது ஒவ்வொரு கேஷுவல்டி சுவரிலும் எழுதப்பட வேண்டியது.

பைசா செலவில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். மயக்க மருந்தும் தளர்த்தும் மருந்தும் கொடுத்த பிறகு அது வேலை செய்யும் அந்த ஒரு நிமிடத்தில் ஆம்பு பேக்கைத் தொடாதே, வயிற்றில் இருப்பது நுரையீரலுக்குள் போய்விடும் என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். 2019-இல் 401 பேரிடம் செய்து பார்த்தபோது, அந்த நேரத்தில் மெதுவாக மாஸ்க் மூச்சு கொடுத்தவர்களில் ஆக்சிஜன் படுமோசமாக இறங்கியது 10.9 சதவீதம், கொடுக்காதவர்களில் 22.8. புரையேறுவதும் கூடவில்லை. 2024-இல் 1,301 பேரிடம் வந்த ஆய்வில், மயக்கம் கொடுக்கும் முன் சாதாரண ஆக்சிஜன் மாஸ்க்குக்குப் பதில் இறுக்கமான மாஸ்க் வழியாக அழுத்தத்தோடு காற்று கொடுக்கும் பைபேப் வைத்தவர்களுக்கு ஆக்சிஜன் இறங்கியது 18.5-இலிருந்து 9.1 ஆகக் குறைந்தது. கொரோனாவுக்கு வாங்கிய பைபேப் துணி போர்த்தி மூலையில் இருக்கும் இடங்களை நான் பார்த்திருக்கிறேன், அதைக் கேஷுவல்டிக்கு இழுத்துவந்தால் போதும். ஆனால் வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கோ, பூச்சிமருந்து நுரை பொங்கும் வாய்க்கோ அதை மாட்டக் கூடாது.

இப்போது மருந்துகள். இங்கேதான் வெளிநாட்டு ஆய்வை அப்படியே எடுத்துக்கொண்டால் எங்கள் நோயாளிக்கு ஆபத்து. 2019-இல் பிரான்சில் ஆம்புலன்ஸ் டாக்டர்கள் 1,248 பேருக்கு ஸ்கோலினையும், அதே போல் தசையைத் தளர்த்தும் ராகுரோனியத்தையும் ஒப்பிட்டார்கள். ஸ்கோலினில் முதல் முயற்சி வெற்றி 79.4, ராகுரோனியத்தில் 74.6. ஸ்கோலின் மலிவு, ஐந்து பத்து நிமிடத்தில் விட்டுவிடும், அப்படியென்றால் ஸ்கோலினே போதும் என்று ஒருவர் எழுதிவிடலாம். ஆனால் ஸ்கோலினை உடம்பில் சிதைப்பது எந்த நொதி? ஆர்கனோபாஸ்பேட் பூச்சிமருந்து முடக்கிப்போடும் கோலினெஸ்டரேஸ் குடும்பத்து நொதிதான். பூச்சிமருந்து குடித்தவருக்கு ஸ்கோலின் போட்டால் தசை ஐந்து நிமிடத்தில் திரும்பாது, மணிக்கணக்கில் திரும்பாது. ட்யூப் சரியாகப் போய்விட்டால் தப்பித்தோம். போகாவிட்டால், 'சரி, சற்று நேரத்தில் அவரே மூச்சு விடுவார்' என்ற கடைசி நம்பிக்கையும் அங்கே கிடையாது. அன்றிரவு நான் ஸ்கோலின் போட்டது இதைப் படித்திருந்தும் அந்த நேரத்தில் நினைவுக்கு வராததால். வேறு மருந்தும் பெட்டியில் இல்லை. வட ஆற்காட்டுக் கேஷுவல்டியில் பூச்சிமருந்து குடித்து வருபவர் அரிதான ஆள் இல்லை. அதனால் ராகுரோனியம் எங்கள் பெட்டியில் கட்டாயம் இருக்க வேண்டும்.

ராகுரோனியம் வந்தால் அதற்கென்று இரண்டு வேலை கூட வரும். ஒன்று, ஃப்ரிட்ஜ். ஸ்கோலினும் 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது, வெளியே எடுத்தால் 14 நாள்தான். ராகுரோனியம் வெளியே 60 நாள் தாங்கும். அதுவும் கம்பெனிக்காரர் சொல்லும் அறை வெப்பத்தில், கத்திரி வெயிலில் நாற்பதைத் தாண்டும் வேலூரின் ஆஸ்பெஸ்டாஸ் அறையில் இல்லை. கரண்ட் போய் வரும் ஊர்களில் தடுப்பூசிக்குப் பார்க்கிற அளவு அக்கறையோடு இந்த மருந்துகளின் ஃப்ரிட்ஜையும் பார்க்க வேண்டும், வெளியே எடுத்த தேதியைக் குப்பியில் எழுத வேண்டும்.

இரண்டாவது எனக்கு மனம் பொறுக்காத விஷயம். ராகுரோனியம் ஒரு மணி நேரம், அதற்கு மேலும் உடம்பை அசையவிடாது, முதலில் கொடுத்த மயக்க மருந்து அதற்கு வெகு முன்பே தெளிந்துவிடும். ட்யூப் போனதும் எல்லோரும் பெருமூச்சு விட்டு ரெஃபரல் ஷீட் எழுதப் போய்விடுகிறோம், கட்டிலில் இருப்பவர் விழித்துக்கொண்டு, வலி தெரிந்து, ஒரு விரலைக்கூட அசைக்க முடியாமல் கிடக்கலாம். 2021-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வில் 383 பேரில் 10 பேர் அப்படி இருந்ததாகச் சொன்னார்கள், ராகுரோனியம் வாங்கியவர்களிடம் அது அதிகம். கட்டுவிரியன் கடித்து வருபவருக்கு எந்த மருந்தும் இல்லாமலே இதே நிலைதான்: இமை தூக்க முடியாது, பாப்பாகூட விரிந்து நின்றுவிடலாம், உயிர் போய்விட்டது என்று உறவுக்காரர் தலைமாட்டில் அழுவதை அவர் கேட்டுக்கொண்டே கிடப்பார். அந்த மாதிரிப் பிழைத்த ஒரு பெரியம்மா, அழுதவர்கள் யார் யார் என்ன சொன்னார்கள் என்று என்னிடம் வரிசையாகச் சொன்னார். அதற்கப்புறம் ட்யூப் போட்ட ஒவ்வொருவரின் காதிலும் பேசுகிறேன், தூக்க மருந்தும் வலி மருந்தும் தொடர்ந்து ஓடாமல் வண்டி ஏற்றுவதில்லை. இதற்கு வேண்டிய சிரிஞ்ச் பம்ப் வண்டியிலும் வேண்டும்.

மயக்கம் கொடுக்க கெட்டமினா எட்டோமிடேட்டா என்ற சண்டையைச் சுருக்கமாக முடிக்கிறேன். 2025 கடைசியில் 2,365 பேரிடம் வந்த பெரிய ஆய்வில் 28 நாளில் இறந்தவர்கள் கெட்டமினில் 28.1 சதவீதம், எட்டோமிடேட்டில் 29.1, ஒன்றேதான். பிரஷர் விழுந்து சரிவது மட்டும் கெட்டமினில் 22.1, எட்டோமிடேட்டில் 17. எங்கள் கையில் இருப்பதும் பழகியதும் கெட்டமின், அதுவே இருக்கட்டும். ஆனால் கெட்டமின் பிரஷரை ஏற்றும் என்று நம்பி வெறுங்கையோடு நிற்காதீர்கள் என்று அந்த எண் சொல்கிறது. 29 நாடுகளில் 2,964 பேரைக் கவனித்து 2021-இல் வெளியிட்ட கணக்கில், ட்யூப் போடும்போது ஏதோ ஒரு பெரிய ஆபத்தைச் சந்தித்தவர்கள் 45.2 சதவீதம், அதில் பெரும்பங்கு ரத்த ஓட்டம் தடுமாறியதுதான். முன்கூட்டியே ஒரு பாட்டில் சலைன் ஓட்டினால் சரியாகும் என்று நினைத்தோம், 2022-இல் 1,067 பேரிடம் பார்த்ததில் அதுவும் உதவவில்லை. பிரஷரைத் தூக்கும் நார்அட்ரினலின் கலந்து தயாராக வைத்த பிறகே லாரிங்கோஸ்கோப்பைக் கையில் எடுக்க வேண்டும், அதற்கு அந்த மருந்து ஐசியு பூட்டுக்குள் இல்லாமல் கேஷுவல்டி டிரேயில் இருக்க வேண்டும்.

நான் மேலே சொன்ன எண்கள் பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து வந்தவை, அது எனக்கும் உறுத்துகிறது. பூச்சிமருந்து விஷத்துக்கு மாற்றாகக் கொடுக்கும் 'பாம்' (PAM, பிராலிடாக்சிம்) மருந்தை அதிக அளவில் கொடுத்தால் நல்லது என்ற நம்பிக்கையை 1990களில் சோதித்துக் கேள்வி கேட்டது வேலூர் சிஎம்சி டாக்டர்கள்தான். அந்தக் கேள்வி எங்கள் வார்டுகளில் பிறந்தது. அதே மாதிரி குடியாத்தத்திலும் வாணியம்பாடியிலும் அரக்கோணத்திலும் ட்யூப் போடும்போது என்ன நடக்கிறது என்பதை நாம் எழுதினால்தான் நமக்குத் தெரியும். ஒரு சாதாரண நோட்டுப் புத்தகம் போதும்: யாருக்கு, எதற்காக, எத்தனை முயற்சி, சாச்சுரேஷன் எவ்வளவு வரை இறங்கியது, பிரஷர் என்ன ஆனது, அலை வந்ததா, யார் போட்டது. ஒரே ஒரு நிபந்தனை, அதில் எழுதியதை வைத்து யாருக்கும் மெமோ கொடுக்கக் கூடாது. கொடுத்தால் அடுத்த நாளிலிருந்து எல்லாப் பக்கத்திலும் 'முதல் முயற்சி, பிரச்சினை இல்லை' என்றுதான் இருக்கும்.

விபத்து சிகிச்சைக்கென்று தனித் திட்டம் போட்டு, சிவப்பு மஞ்சள் பச்சை என்று பிரித்து, முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்கிய அரசு இது. சென்னை பெங்களூர் நெடுஞ்சாலையில் அடிபட்டு வருபவர்களை வைத்துச் சொல்கிறேன், அதனால் பிழைத்தவர்கள் நிறைய. அந்தச் சிவப்பு அறைக்குள் கரியமில வாயு அலை, பூஜி, அதற்குப் பிறகு வீடியோ லாரிங்கோஸ்கோப், ராகுரோனியம், டிரேயில் நார்அட்ரினலின், இவற்றோடு பழகிய ஒரு கை என்ற வரிசையில்தான் கேட்கிறேன். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் முதலாவதைக் கொடுங்கள்.

பயிற்சிக்கு ஆள் இல்லை என்று மட்டும் எழுதி அனுப்ப வேண்டாம். என்னிடம் பழைய பொம்மை ஒன்று இருக்கிறது, தாடை கொஞ்சம் இறுகியிருக்கிறது, அதுவும் நல்லதுதான். சனிக்கிழமை மதியங்கள் எனக்கு டியூட்டி இல்லை. எந்தத் தாலுகா ஆஸ்பத்திரி என்று சொன்னால் பைக்கில் கட்டிக்கொண்டு வருகிறேன். டியூட்டி டாக்டர்களோடு ஸ்டாஃப் நர்ஸ்களையும் கட்டாயம் உட்கார வையுங்கள்.

இப்படிக்கு,
வட ஆற்காட்டு அரசு மருத்துவர் ஒருவர்